ரெக்கோட் பிளேயரின் கால்களுக்கும் ஒரு வரலாறு உண்டு



நமதூர் வீடுகளில் பரண்களிலும் பழைய அலுமாரிகளிலும் கிடக்கும் இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து, துடைத்து, கணினியில் பதிந்து வைக்கும் வேலையில் சில தம்பிமார் இறங்கியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரலை நம் மூத்தவாப்பாமார் கேட்டது இந்தத் தட்டுகளில்தான். அந்தத் தம்பிமார் கேட்ட கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதலாம் என்று நினைத்தோம்.

கேள்வி இதுதான்: "சேர், பிளேயருக்குக் கீழ வைக்கிறதுக்குக் கூர்முனைக் கால் ஒரு செட் வாங்கச் சொல்றாங்க. சிலர் இறப்பர் கால்தான் நல்லம் என்றாங்க. விலையும் கூட. எது சரி?"

கேள்வி சின்னது. ஆனால் பதிலுக்கு நூற்றைம்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1877 இல் எடிசன், தகரத்தாள் சுற்றிய உருளையில் மனிதக் குரலைப் பதிந்து திரும்பக் கேட்கவைத்தார். பத்து வருடத்தின் பின் 1887 இல் எமில் பேர்லினர் உருளையை விட்டுத் தட்டையான தட்டுக்கு மாறினார். கிராமபோன் அதிலிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கிராமபோனுக்கு மின்சாரம் இல்லை. தட்டின் பள்ளத்தில் ஓடும் உருக்கு ஊசி ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும். அந்த அசைவைக் குழாய் பெரிதாக்கிக் காட்டும். ஊசியின் மேல் நூறு கிராமுக்கும் கூடிய பாரம் அழுத்திக்கொண்டிருக்கும். யாராவது பக்கத்தில் நடந்தாலும், மேசையில் கை பட்டாலும் அது பெரிதாகக் காதில் விழாது. அந்த இயந்திரத்துக்குக் காது மந்தம்.

நம் நாட்டு வானொலியின் பிறப்பும் இந்த இயந்திரத்தோடு சேர்ந்ததுதான். 1923 இல் தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாமான்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைச் செய்வித்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்துச் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமானது. பிறகு அதுதான் இலங்கை வானொலியாக வளர்ந்தது.

அதே 1925 இல் அமெரிக்காவில் மின்சார ஒலிப்பதிவு வியாபாரத்துக்கு வந்தது. கொஞ்சக் காலத்தில் வீட்டுப் பிளேயரும் மாறியது. ஊசியின் அசைவு மின்னாகி, அம்ப்ளிபயரில் பல மடங்கு பெருகி, ஸ்பீக்கரில் ஒலியாக வந்தது. காது மந்தமான இயந்திரத்துக்குக் காது திறந்தது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் பிறந்தது.

பள்ளிவாசலில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் 'கூ' என்று கூவுமே, அதே சிக்கல்தான். ஸ்பீக்கர் மேசையை அதிரவைக்கும். மேசை பிளேயரை அதிரவைக்கும். ஊசி அந்த அதிர்வையும் பாட்டென்று நினைத்து அம்ப்ளிபயருக்கு அனுப்பும். அது இன்னும் பெருகி ஸ்பீக்கரால் வரும். சத்தத்தைக் கூட்டினால் ஊளையாகும். கூட்டாவிட்டாலும் பாட்டின் அடியில் ஒரு கலங்கல் இருந்துகொண்டே இருக்கும்.

வானொலி, பிளேயர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்த ரேடியோகிராமில் இது இன்னும் கஷ்டம். அதனால்தான் பிளேயர் பொருத்திய தகட்டைச் செய்தவர்கள் சுருள்வில்லின் மேல் மிதக்க விட்டார்கள். பயணத்தில் ஆடாமல் இருக்க அதை இறுக்கிவைக்கத் திருகாணிகள் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவற்றைத் தளர்த்த வேண்டும். உங்கள் வீட்டில் பழைய ரேடியோகிராம் இருந்தால் முதலில் அந்தத் திருகாணிகளைப் பாருங்கள். இன்னும் இறுகிக் கிடந்தால் வில் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

அடுத்த முப்பது வருடத்தில் ஊசியின் காது இன்னும் கூர்மையானது. இதற்கு மூன்று காரணம்.

முதலாவது, 1948 இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட எல்.பி. தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, நெருக்கமான மெல்லிய பள்ளம். 78 சுற்றுத் தட்டின் ஊசிமுனை ஆரை சுமார் 75 மைக்ரோன். எல்.பி. ஊசியில் அது சுமார் 25 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நாற்பதில் ஒரு பங்கு. மெல்லிய ஓசைகளுக்கு ஊசி அசைவது ஒரு மைக்ரோனிலும் குறைவான தூரம்தான். ஊசியின் பாரமும் குறைந்துகொண்டே வந்து, இரண்டு கிராம் அளவில் நின்றது.

இரண்டாவது, தட்டை வெட்டும்போது பேஸ் ஒலியைக் குறைத்து வெட்டி, இசைக்கும்போது அம்ப்ளிபயரில் கூட்டிக்கொள்ளும் முறை. இல்லாவிட்டால் பள்ளங்கள் பெரிதாக வளைந்து ஒன்றையொன்று வெட்டிவிடும். 1954 இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் இதற்குப் பொதுவான ஓர் அளவை ஏற்படுத்தியது. அதன்படி 20 ஹேட்ஸ் மீடிறனில் வரும் எதுவும், 1000 ஹேட்ஸோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய ஒன்பது மடங்கு பெருக்கப்படும். நிலத்தால் வரும் அதிர்வும் இந்தத் தாழ்ந்த மீடிறனில்தான் வருகிறது. பாட்டுக்குச் செய்த உதவி அதிர்வுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது ஸ்டீரியோ. இங்கிலாந்தில் அலன் புளும்லைன் 1931 இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. கடைக்குத் தட்டாக வந்தது 1957, 58 இல். மோனோ தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும் இருந்தது. ஸ்டீரியோவில் மேலும் கீழுமான அசைவும் ஒலிதான். நடக்கும்போது நிலம் எந்தப் பக்கம் அசைகிறது? மேலும் கீழுமாக. மோனோ ஊசி பொருட்படுத்தாத அசைவை ஸ்டீரியோ ஊசி கவனமாகக் கேட்கத் தொடங்கியது.

இந்த நேரத்தில்தான் எட்கார் வில்சர் வருகிறார். அவரும் படிப்பித்தவர்தான் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசம். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலியைப் பதிந்து மீளக் கேட்பது பற்றிப் பாடம் நடத்தினார். அவரிடம் படித்த ஹென்றி குளொஸோடு சேர்ந்து 1954 இல் அக்கூஸ்டிக் ரிசேர்ச் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். 1961 இல் அந்த நிறுவனம் ஒரு பிளேயரை வெளியிட்டது. சுழலும் தட்டையும் ஊசி தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் இறுகப் பொருத்தி, அந்தச் சட்டத்தை மூன்று மெதுவான வில்களில் தொங்கவிட்டார். மோட்டரை வெளித் தகட்டில் வைத்து இறப்பர் பட்டியால் இணைத்தார். ஓடும்போது பெட்டியைச் சுத்தியலால் தட்டினாலும் ஊசி பாயாது என்று காட்டினார்கள். விலையும் நூறு டொலருக்குக் கீழே.

இதன் பௌதிகவியலைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்டலாம். நீண்ட இறப்பர் பட்டியொன்றில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் பூட்டும் கூடவே வரும். பூட்டு தானாக ஆடும் வேகத்துக்கே கையை அசைத்தால் அது துள்ளத் தொடங்கும். இது பரிவு. கையை அதைவிட வேகமாக அசைத்தால் பூட்டு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். அந்தக் கடைசி நிலைதான் நமக்கு வேண்டியது. வில்லின் சொந்த மீடிறனைப்போல் 1.4 மடங்குக்கு மேலே வரும் அதிர்வைத்தான் அது தடுக்கும். கீழே வருவதைத் தடுக்காது, பரிவுக்குக் கிட்ட இருந்தால் கூட்டியும் விடும்.

வில்சரின் முறையைச் சுவிற்சர்லாந்தின் தோரன்ஸ், ஸ்கொட்லாந்தின் லின் போன்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே பல வீடுகளில் நிலம் பலகை. ஆள் நடந்தால் பலகைத் தளம் மெதுவாக ஆடும். அது வில்லின் சொந்த ஆட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டால் பிளேயர் துள்ளி ஊசி பாய்ந்துவிடும். பூட்டுத் துள்ளியது போல. அதனால் பலர் நிலத்தை விட்டுச் சுவரில் தட்டு அடித்துப் பிளேயரை வைத்தார்கள்.

1970களில் வேறு வழிகளும் வந்தன. இங்கிலாந்தின் ரேகா வில்லே இல்லாமல், இலேசான உறுதியான பலகையும் இறப்பர் கால்களும் போதும் என்றது. ஜப்பானின் டெக்னிக்ஸ் 1972 இல் எஸ்.எல்.-1200 ஐயும், 1979 இல் அதன் எம்.கே. 2 ஐயும் கொண்டுவந்தது. பாரமான அடித்தளம், தடித்த இறப்பர், திருகி உயரம் சரிசெய்யும் கால்கள். பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே தட்டு இசைப்பவர்கள் உலகெங்கும் அதைத் தேடி வாங்கினார்கள்.

கூர்முனைக் கால் பரவியது இதற்குப் பிறகு, முக்கியமாக ஸ்பீக்கர்களுக்கும் அவற்றின் தாங்கிகளுக்கும். அதன் வேலை வேறு. இருபது கிலோ ஸ்பீக்கரை நான்கு கூர்முனையில் நிறுத்தினால், ஒவ்வொரு முனையிலும் ஐந்து கிலோ ஒரு புள்ளியில் இறங்கும். அமுக்கம் கூடுவதால் அது கம்பளத்தைத் துளைத்து நிலத்தில் ஊன்றி நிற்கும், ஆடாது. அதாவது கூர்முனை பொருளை நிலத்தோடு கட்டிப்போடுகிறது. இறப்பரும் வில்லும் பொருளை நிலத்திலிருந்து பிரிக்கின்றன. இரண்டும் எதிர் எதிரான வேலை.

"கூர்முனை அதிர்வை வெளியே விடும், உள்ளே விடாது" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. ஒருவழிப் பாதை மாதிரி. இறுக்கமாகத் தொடும் இரண்டு பொருளுக்கிடையில் அதிர்வு இரு பக்கமும் போகும். கூராக இருப்பதால் அது திசை பார்க்காது.

இனித் தம்பிமாரின் கேள்விக்கு வருவோம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் சீமெந்து நிலம். நடந்தால் அது அதிகம் ஆடாது. மேசை உறுதியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலிக் கோட்டை போன்ற இடங்களில் பழைய மாடி வீடுகளின் பலகைத் தளத்தில் வைப்பதென்றால் சுவர்த் தட்டே நல்லது. அங்கே கூர்முனை வைத்தால் நடப்பவரின் காலடி நேரே ஊசிக்குப் போகும்.

நம்மிடம் பெரிய எதிரி ஒரே மேசையில் இருக்கும் ஸ்பீக்கர். அதை வேறு மேசைக்கு மாற்ற ஒரு சதமும் செலவில்லை. கணினியில் பதியும்போது ஸ்பீக்கரை முழுதாக நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். அந்தச் சுற்று அத்தோடு அறுந்துபோகும்.

மென்மையான கால் வைப்பதென்றால் ஓர் அளவை மனதில் வையுங்கள். பாரத்தில் ஒரு மில்லிமீற்றர் மட்டும் அமுங்கும் காலின் சொந்த மீடிறன் சுமார் 16 ஹேட்ஸ். ஒரு சென்ரிமீற்றர் அமுங்கினால் சுமார் 5 ஹேட்ஸ். அதனால் பாரத்துக்கு ஏற்ற மென்மை இல்லாத கால், எத்தனை ஆயிரம் ரூபா கொடுத்தாலும், வெறும் கால்தான். கனமான பலகையொன்றின் கீழே பாதிக் காற்றடித்த சைக்கிள் டியூப்பை வைத்து அதன்மேல் பிளேயரை வைத்துப் பாருங்கள். பலரும் வெற்றியாகச் செய்த பழைய உபாயம் அது. மட்டம் பார்க்க மறக்க வேண்டாம். கூர்முனைக் கால் வாங்கத்தான் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் தாங்கிக்கு வாங்குங்கள். மாபிள் கீறாமல் ஒவ்வொன்றின் கீழும் ஒரு நாணயம் வையுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. சுழலாமல் நிற்கும் தட்டில் ஊசியை இறக்கி, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டி, மேசையை விரலால் தட்டுங்கள். ஹெட்போனில் 'டொக்' என்று கேட்பதுதான் உங்கள் பாட்டோடு கலக்கும் அதிர்வு. ஒரு மாற்றம் செய்த பிறகு திரும்பத் தட்டிப் பாருங்கள். குறைந்தால் சரி, குறையாவிட்டால் காசு மிச்சம். 78 தட்டென்றால் அதற்குரிய பருத்த ஊசியை மாற்றாமல் வைக்க வேண்டாம். எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே தரும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறோம்? தட்டு ஒவ்வொரு தரம் ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது. சில தட்டுகள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 78 தட்டு கைதவறினால் கண்ணாடி போல உடையும். பதியும் அந்த ஒரு தடவையில் பஸ் போன அதிர்வும் கதவு சாத்திய சத்தமும் சேர்ந்து பதிந்தால், நம் பேரப்பிள்ளைகள் கேட்கப்போவது அந்தக் குரலையும் அந்தக் கதவையும் சேர்த்துத்தான்.

வில்சர் பற்றி இன்னொன்று. 1967 இல் நிறுவனத்தை விட்டு விலகியவர், செவிப்புலன் குறைந்தவர்களுக்கான கருவி பற்றிய ஆய்வில் இறங்கினார். மெல்லிய ஒலியைக் கூட்டி, பலத்த ஒலியை அளவோடு வைக்கும் முறையொன்றை வகுத்து 1973 இல் வெளியிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை, யாரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். இன்று நம் மூத்தம்மாமார் காதில் போட்டிருக்கும் கருவிகளிலும் அந்த வழிமுறை இருக்கிறது. பயன் தரும் அறிவை மற்றவர்களுக்கு விட்டுச் செல்வதன் சிறப்பை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீடு துப்பரவு செய்யும்போது பழைய தட்டுகளைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். தம்பிமாரிடம் ஒரு நாளைக்கு இரவல் கொடுங்கள், பதிந்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். யார் வீட்டில் என்ன தட்டு இருக்கிறதென்று கீழே எழுதினால் வேலை இலகுவாகும், இன்ஷா அல்லாஹ்.