சிரி கோட்டை மரங்களும் யமுனைக் கரைக் குடிசைகளும்

2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக, டெல்லி சிரி கோட்டைப் பகுதியில் பேட்மிண்டன், ஸ்குவாஷ் அரங்கம் கட்ட நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பினர் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு ஆராய்ந்தது. அரங்கம் எழும்பத்தான் செய்தது.

அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் 2004இல், தலித்துகளும் இசுலாமியர்களும் பெருமளவில் வாழ்ந்த யமுனா புஷ்தா குடிசைகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டபோது சுற்றுச்சூழல் எந்தப் பக்கம் நின்றது? புல்டோசரின் பக்கம். ஆற்றை அசுத்தப்படுத்துகிறார்களாம்! நஜஃப்கர் வடிகால் வழியே நகரத்துச் சாக்கடை அதே ஆற்றில்தான் கலந்துகொண்டிருந்தது. மக்களைப் பவானா போன்ற ஊரின் ஓரங்களுக்குத் துரத்தினார்கள். வேலை நகரத்துக்குள்ளேயே இருந்தது.

பிறகு யமுனையின் கிழக்குக் கரையில் விளையாட்டு வீரர்களுக்கான அடுக்குமாடிக் கிராமம் வந்தது. உயர்நீதிமன்றம் 2008இல் கேள்வி எழுப்பியது. 2009 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த இடம் ஆற்றுப்படுகையே அல்ல என்று சொல்லிவிட்டது. மறு ஆண்டு மழையில் அதன் அடித்தளங்களில் தண்ணீர் தேங்கியது.

இதற்கெல்லாம் பணம்? பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டத்திலும் டெல்லி அரசு கைவைத்தது. நம் பிள்ளைகளின் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் போகவேண்டிய பணம் அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி வெளிவந்த கணக்கு 744 கோடி ரூபாய். 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், நிதி திருப்பிவிடப்பட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். அக்டோபரில் போட்டிகள் தொடங்கின.