பெருக்குமரமும் நயினாதீவுக் கல்லும்

வடபுலத்து முஸ்லிம்களின் பழமையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் நெடுந்தீவுப் பெருக்குமரத்தைத் தொடாமல் போவது அருமை. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்ட மரம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவோம். மன்னார் பள்ளிமுனை மரத்துக்கும் இதே கதைதான். ஒட்டகங்களுக்குத் தீனியாக நட்டார்கள் என்பார்கள். நட்ட ஆண்டு 1477 என்றுகூடப் பரவலாக எழுதப்படுகிறது.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போயிருந்தபோது அங்குள்ள முதியவர் ஒருவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, இது சோனகர் வைச்ச மரம் எண்டு எங்கட அப்பு சொல்லுவார். எப்ப வைச்சதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு அறிவியல் எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு சேர்த்துக் காணி உறுதிகளையும் பள்ளிவாசல் பதிவுகளையும் இழந்தவர்கள் பலர். ஆவணங்களை இழந்த சமூகத்துக்கு மீஸான் கல்லும் கல்வெட்டும் மரமும் பெரிய ஆதாரங்கள். அதனாலேயே அவற்றைக் கவனமாகப் பாவிக்க வேண்டும். ஆய்வில் நிற்காத ஒரு சான்றை முன்வைத்தால், நிற்கக்கூடிய மற்றச் சான்றுகளையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

பெருக்குமரத்தின் தாவரவியற் பெயர் அடன்சோனியா டிஜிற்றாற்றா. தமிழ்நாட்டில் ஆனைப்புளி, பொந்தன்புளி, பப்பரப்புளி என்று பல பெயர்கள் வழங்குகின்றன. இதன் தாயகம் ஆபிரிக்கா. உலகம் வழங்கும் 'பேயோபாப்' என்ற பெயர், 'விதைகள் நிறைந்தது' என்னும் பொருள்படும் அரபுச் சொல்லில் இருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கெய்ரோவில் வாழ்ந்து தாவரங்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் புறொஸ்பெரோ அல்பினி 1592 இல் வெளியிட்ட நூலில் அந்தப் பெயரைப் பதிந்தார்.

மரத்தின் பருமனைக் கண்டு வயதைச் சொல்லுவது எங்கட வழக்கம். பெருக்குமரத்தில் அது சரிவராது. இதன் தண்டு மென்மையானது, பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். போன வருடம் அளந்த சுற்றளவு இந்த வருடம் குறைந்திருக்கவும் கூடும். ஆண்டு வளையங்களும் தெளிவாக இருக்காது. சில வருடங்களில் வளையம் விழாமலே போகும். போதாததற்கு, முதிய மரங்களில் நடுப்பகுதி பொந்தாக இருக்கும். நெடுந்தீவு மரத்திலும் ஆட்கள் உள்ளே நுழைந்து நிற்கும் அளவுக்குப் பொந்து இருக்கிறது.

ஆகவே வயதை அறியக் கதிரியக்கக் காபன் முறைதான் வழி. விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியைத் தாக்கும்போது, நைதரசனில் இருந்து காபன்-14 உருவாகிறது. அது காபனீரொட்சைட்டாகி இலை வழியாக மரத்துக்குள் போகிறது. ஒரு பகுதி மரமாக இறுகியபின் அதற்குள் புதிய காபன் சேராது. உள்ளே இருக்கும் காபன்-14 மாத்திரம் சிதைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மீதியை அளந்தால், அந்தத் துண்டு எப்போது மரமானது என்று கணக்கிடலாம். இன்றைய கருவிகளுக்குச் சில மில்லிகிராம் போதும். மரத்தை வெட்டத் தேவையில்லை.

ருமேனிய ஆய்வாளர் அட்றியன் பட்றூட் 2005 முதல் ஆபிரிக்கப் பெருக்குமரங்களை இப்படி ஆராய்ந்தார். நமீபியாவின் குரூட்பூம் என்ற மரம் ஏறக்குறைய 1,275 ஆண்டுகள் வாழ்ந்தது என்று கண்டார். பொந்தைப் பற்றியும் அவர் ஒரு புதிய விளக்கம் தந்தார். பல பொந்துகள் உளுத்துப்போனதால் வந்தவை அல்ல, பல தண்டுகள் வட்டமாக முளைத்து ஒட்டிக்கொண்டபோது நடுவில் விடுபட்ட வெளிதான் அவை என்றார். அப்படிப்பட்ட பொந்தின் உட்சுவரிலும் பட்டை இருக்கும். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, யார் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி. இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்குமரங்களின் மரபணுவை ஆபிரிக்க மரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2015 இல் வெளியானது. இவை ஒரே தடவையில் வந்தவை அல்ல, பல தடவைகளில் மனிதர்களால் கொண்டுவரப்பட்டவை என்பது அதன் முடிவு. அந்தக் கடல்வழியில் அரபியர் போனார்கள், சுவாஹிலிக் கரையார் போனார்கள், பிறகு போர்த்துக்கேயரும் போனார்கள். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள். ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள். அந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். பெருக்குமரத்தின் இலையையும் பழத்தையும் உணவாக அறிந்தவர்கள் ஆபிரிக்கர்கள்தானே. அரபியர் பெயரைச் சொல்லும்போது இவர்களை மறந்துவிடுகிறோம்.

இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியில் சந்தித்தார். மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதியிருக்கிறார். 1352 இல் மாலி நாட்டுக்குப் போகும் வழியில் பெருமரங்களைக் கண்டார். ஒன்றின் பொந்துக்குள் ஒருவர் தறி போட்டு நெய்துகொண்டிருந்தாராம். அவை பெருக்குமரங்களே என்று பலர் கருதுகிறார்கள். அவர் இலங்கையில் நடந்தது புத்தளம், பாவாத மலை வழியில். நெடுந்தீவு மரத்துக்கு அவரைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

அப்படியானால் தீவகத்தில் எங்கட பழைய கடல் வணிகத்துக்குச் சான்றே இல்லையா? இருக்கிறது. அது நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூட வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி.

இந்தக் கல்லில் 'அரபி' என்ற சொல் இல்லை. ஆனால் அடுத்த நூற்றாண்டில் மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக்குக் குதிரை ஏற்றிவந்தவர்கள் ஹோர்முஸ், ஏடன், டோபார் முதலிய துறைகளின் வணிகர்கள் என்று எழுதுகிறார். அந்தக் குதிரை வணிகத்தின் ஓரத்தில்தான் ஊராத்துறையும் இருந்தது. பெருக்குமரத்தைவிட இது உறுதியான சான்று. மன்னன் பெயர் இருக்கிறது, துறையின் பெயர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது.

மரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. 2005 இற்குப் பின் ஆபிரிக்காவின் மிக முதிய 13 பெருக்குமரங்களில் 9 முழுதாகவோ பகுதியாகவோ பட்டுப்போயின என்று பட்றூட் குழு 2018 இல் அறிவித்தது. எங்கட மரத்தில் ஆட்கள் கத்தியால் பெயர் வெட்டுகிறார்கள். முதலில் அது நிற்க வேண்டும். பிறகு நெடுந்தீவு மரத்தையும் மன்னார் மரங்களையும் காபன் முறையில் ஆராய்ந்து வயதைக் கணிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல், வரலாற்றுத் துறையினர் சேர்ந்தால் செய்யக்கூடிய வேலைதான். செலவில் ஒரு பங்கை எங்கட சமூக நிறுவனங்களும் ஏற்கலாம்.

முடிவு 1477 இற்கு முந்தியதாகவும் வரலாம், ஒல்லாந்தர் காலமாகவும் வரலாம். எது வந்தாலும் அதை அப்படியே எழுதிவைப்போம்.