காரகோரம் கடந்த முன்ஷி

உலகப் படத்தை விரித்து, லடாக்கின் லே நகரிலிருந்து வடக்கே விரலை நகர்த்திப் பார்ப்போம். மரமும் ஊருமற்ற மேட்டுப் பாலை வருகிறது. 18,000 அடிக்கு மேல் உயர்ந்த காரகோரம் கணவாய் வருகிறது. அதற்கப்பால் கிழக்குத் துருக்கிஸ்தானத்தின் யார்க்கந்து நகர். இன்று எளிதாகக் காணும் இந்தப் புள்ளி எங்கே இருக்கிறதென்று, 1860 வரை இந்திய நில அளவைத் துறையினருக்குத் திட்டமாகத் தெரியவில்லை.

1802-இல் சென்னை பரங்கிமலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய நில அளவை, காஷ்மீர் வரை எட்டியிருந்தது. அவ்வளவைத் துறையின் கருவிகளைச் செப்பனிட்டவர் நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்சின் ஹுஸைன் என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1843-இல் அவர் அத்துறையின் கருவியாளராக நியமனம் பெற்றார்.

எல்லைக்கு அப்பால் ஐரோப்பியர் செல்ல இயலவில்லை. 1857-இல் அடோல்ஃப் ஷ்லாகின்ட்வைட் என்னும் ஜெர்மானியப் பயணி காஷ்கரில் கொல்லப்பட்டார். எனினும் முஸ்லிம் வணிகர்கள் அப்பாதையில் தடையின்றிப் போய் வந்தனர். இதைக் கண்ட மாண்ட்கோமரி என்னும் அதிகாரி, முஹம்மத் ஹமீத் என்னும் முன்ஷிக்குப் பயிற்சியளித்து 1863-இல் அனுப்பினார்.

முன்ஷி எப்படி அளந்தார்? இரவில் விண்மீன்களின் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கணித்தார். திசைகாட்டியால் வழியைக் குறித்தார். கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்து உயரம் கண்டார். ஏறத்தாழ ஆயிரம் அடி ஏறினால், கொதிநிலை பாரன்ஹீட் கணக்கில் சுமார் இரண்டு பாகை குறையும். யார்க்கந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ளதென்று இவ்வாறே தெரிந்தது. இவை யாவும் ஐயம் கொண்ட சீன அதிகாரிகளின் கண்ணில் படாமல் செய்யப்பட வேண்டியிருந்தன.

யார்க்கந்தில் குளிர்காலத்தைக் கழித்து 1864-இல் திரும்பிய முன்ஷி, காரகோரத்தைக் கடந்தும் லேயை அடையவில்லை. வழியிலேயே மரணமடைந்தார். அவருடைய குறிப்பேடுகளை ஜான்ஸன் என்னும் அளவையாளர் மீட்டார். அவற்றைக் கொண்டே படம் திருத்தப்பட்டது. காஷ்மீர் அளவைப் பணிக்காக 1865-இல் மாண்ட்கோமரிக்கு லண்டன் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. முன்ஷியின் பெயரோ முஹம்மத் ஹமீத் என்றும் அப்துல் ஹமீத் என்றும் ஏடுகளில் மாறி மாறி எழுதப்பட்டு நிற்கிறது.

இந்த அளவைகள் அந்நிய ஆட்சியின் நலனுக்கே பயன்பட்டன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் பனிக்காற்றில் விண்மீனை நோக்கி நின்றவரின் கல்வியும் உழைப்பும் அவருக்கே உரியவை. நம் பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்கையில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.