உங்க ஷூ நம்பர் எட்டா? எட்டு என்ன?

ஷூ கடைல "என்ன நம்பர் சார்?"னு கேட்டா டக்குனு "எட்டு"னு சொல்லிடறோம். எட்டு கிலோவா, எட்டு சென்டிமீட்டரா? ரெண்டுமே இல்ல. பார்லி.

நிஜமாத்தான் சொல்றேன். இடைக்கால இங்கிலாந்துல மூணு காஞ்ச பார்லி மணியை நீளவாக்குல அடுக்கினா ஒரு அங்குலம். செருப்புத் தைக்கிறவங்க அதுல ஒரு மணியை, அதாவது மூணுல ஒரு அங்குலத்தை, ஒரு சைஸுன்னு வெச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் 7-க்கும் 8-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அந்த ஒரு மணிதான்: சுமார் 8.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்காரங்க போயிட்டாங்க, பார்லி இங்கேயே தங்கிடுச்சு.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. அந்த நம்பர் நீளத்தை மட்டும்தான் சொல்லுது. கால் அகலமா, ஒல்லியா? அதுக்குப் பதில் கிடையாது. 1920-கள்ல அமெரிக்காவோட சிரக்யூஸ் நகரத்துல, ஒரு ஷூ கடைக்காரர் மகன் சார்லஸ் பிரானக் இதைத்தான் பிடிச்சாரு. குழந்தைங்க விளையாடற இரும்புத்துண்டு செட்டை வெச்சு முதல் மாதிரியைச் செஞ்சாரு. நீளம், அகலம், குதிகால்லேருந்து கட்டைவிரல் மூட்டு வரைக்கும் உள்ள தூரம், மூணையும் அளக்கிற கருவி அது. நம்ம ஊர்ல பல கடைகள்ல இன்னைக்கும் அதைப் பார்க்க முடியாது.

கேன்வாஸ் ஷூல இது நல்லாவே உறைக்கும். தோல் போடப் போட காலுக்கு ஏத்த மாதிரி இளகிக் கொடுக்கும். கேன்வாஸ் துணி அவ்வளவா கொடுக்காது. 1917-ல வந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டாரையே எடுத்துக்கோங்க. நீளம் தாராளம், அகலம் கஞ்சம். அதனாலதான் ஒருத்தர் "அரை சைஸ் கம்மியா வாங்கு"ன்னுவாரு, அகலக் கால்காரர் "ஐயோ வேண்டாம்"பாரு. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்.

நம்மள்ல நிறைய பேர் அந்த ரெண்டாவது ஆள்தான். சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021–22-ல நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலான பேரோட பாதங்களை அளந்துச்சு. இந்தியக் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம்னு தெரிஞ்சுது. அகலத்துக்காக ஒரு நம்பர் பெருசா வாங்கி, முன்னாடி காலி இடத்தோட நடந்துட்டு இருக்கோம். 'பா'ங்கிற பேர்ல இந்தியாவுக்குன்னே ஒரு சைஸ் முறையையும் பரிந்துரை பண்ணியிருக்காங்க.

அது கடைக்கு வர்ற வரைக்கும்? சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்துல போங்க. நின்னுக்கிட்டே ரெண்டு ஷூவையும் போட்டுப் பாருங்க. சுண்டுவிரல் பக்கம் துணி புடைச்சா, நம்பரை ஏத்தாதீங்க, மாடலை மாத்துங்க.