ஒத்தைச் செயினா, ரெட்டைச் செயினா? - ஒரு ஹெரால்டு புராணம்

சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுங்ககிட்ட எஞ்சின் பத்திப் பேச்சு எடுத்தா, ரெண்டாவது நிமிஷம் அது லாரியில வந்து நிக்கும். நாமக்கல்லில் பாடி கட்டுறாங்க, சங்ககிரியில் லாரி வச்சிருக்காங்க, திருச்செங்கோட்டில் போர் போடுற ரிக் வண்டி வச்சிருக்காங்க. ஊரே டீசல் வாசனைதான். ஆனா இந்தப் பதிவு லாரி பத்தி இல்லை மக்களே. 948 சிசி எஞ்சினுக்குள்ள ஓடுற ஒரு முழ நீளச் சங்கிலி பத்தி.

சேலத்தில் இருக்கும் என் பெரியப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கு. ரீபோர், பிஸ்டன், பேரிங் எல்லாத்திலும் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை வந்தது டைமிங் செயினில். நெட்டில் படிச்சிட்டுப் போன நான், "ரெட்டைச் செயின் போட்டுடலாம்"னு சொன்னேன். லாரி எஞ்சின் வேலை பார்த்தே பழகின மெக்கானிக் அண்ணன், "தம்பி, செயினே எதுக்குங்க? எங்க லாரியில எல்லாம் பல்சக்கரம்தானுங்க. ஆயுசுக்கும் கெடக்கும்" என்றார். பெரியப்பா ஒரே வார்த்தையில முடிச்சார்: "கம்பெனி என்ன போட்டானோ அதைப் போடுங்கடா." எண்பதைத் தொட்டவர். இன்னொரு தடவை அந்த வண்டியில ஏற்காடு ஏறணும்னு ஆசை. இருபது கொண்டை ஊசி வளைவு. அதனால விஷயம் கொஞ்சம் சீரியஸ்தான்.

பொட்டி தட்டுறவனுக்கு ஒரு பழக்கம். கோடு ஏன் இப்படி எழுதியிருக்குன்னு தெரியாம அதை மாத்தக்கூடாது. அதனால வரலாற்றைத் தோண்டினேன்.

முதல்ல அடிப்படை. கிராங்க் ஷாப்ட் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஷாப்ட் ஒரு சுத்து சுத்தணும். அப்பதான் வால்வுகள் சரியான நேரத்தில திறந்து மூடும். இந்த ரெண்டையும் கட்டிப் போடுறதுதான் டைமிங் செயின். ஆரம்பகால எஞ்சின்களில் இந்த வேலையைப் பல்சக்கரம்தான் பார்த்தது. உறுதியானது, ஆனா சத்தம் அதிகம். கார் வாங்குற கனவான்களுக்கு அமைதி வேணும். அங்கதான் செயின் உள்ளே நுழைஞ்சது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு 1879-ல் மான்செஸ்டர் பக்கத்து சால்ஃபோர்டில் ஒரு சின்ன செயின் பட்டறையை வாங்கி, 1880-ல் புஷ் ரோலர் செயினுக்கு காப்புரிமை எடுத்தார். நம்ம சைக்கிள் செயின், பைக் செயின், டைமிங் செயின் எல்லாமே அந்த வம்சம்.

அடுத்து நம்ம கதாநாயகன். ஹெரால்டு 1959-ல் பிரிட்டனில் வந்தது. இத்தாலிக்காரர் மிக்கலோட்டி போட்ட டிசைன். எஞ்சின் அதைவிடப் பழசு, 1953-ல் ஸ்டாண்டர்ட் எய்ட் காரில் 803 சிசியாகப் பிறந்தது. சின்ன, சிக்கனமான காருக்குன்னே செஞ்ச எஞ்சின். அதனால ஒரே வரிசைச் செயின். தளர்வை எடுக்க டைமிங் கவருக்கு உள்பக்கம் வளைஞ்ச ஒரு ஸ்பிரிங் பட்டை. அவ்வளவுதான் டென்ஷனர்!

இந்தியாவில் 1961-ல் இருந்து ஹெரால்டைச் செஞ்சது நம்ம மெட்ராஸ்காரங்க. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை. பிரிட்டனில் 1961-லேயே ஹெரால்டுக்கு 1147 சிசி எஞ்சின் வந்துடுச்சு. இங்க 948-லேயே நின்னாங்க. லைசன்ஸ் ராஜ் காலம். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு மூணைத் தாண்டி காரே இல்லைன்னு சொல்லலாம். புது மாடலுக்கு அனுமதி இல்லை, இறக்குமதிக்கு வழி இல்லை. ஒருத்தர் வாங்கின காரை இருபது முப்பது வருஷம் ஓட்டணும்.

அதனாலதான் இங்க ஒவ்வொரு ஊரிலும் லேத் பட்டறையும், எஞ்சினைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளும் உருவானாங்க. செயினும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1960-ல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து முருகப்பா குழுமம் டிஐ டயமண்ட் செயினைத் தொடங்கியது. கோயமுத்தூரில் 1937-ல் பஸ் ஓட்ட ஆரம்பிச்ச எல்ஜிபி, பிறகு 'ரோலான்' செயினுக்குப் பேர் வாங்கியது. ஹான்ஸ் ரெனால்டு ஆரம்பிச்ச அதே ரெனால்டு கம்பெனி 2008-ல் இந்த எல்ஜிபியின் தொழிற்சாலைச் செயின் பிரிவில் பெரும்பங்கை வாங்கினது தனிக்கதை.

சரி, ரெட்டைச் செயின் 'அப்கிரேடு' எங்கிருந்து வந்தது? ரேஸில் இருந்து. சாதா மினிக்கு ஒத்தைச் செயின். 1963-ல் வந்த மினி கூப்பர் எஸ் வண்டிக்கு ரெட்டைச் செயின். அதிக ஆர்.பி.எம்., கடினமான வால்வு ஸ்பிரிங், இதுக்கெல்லாம் ஈடு கொடுக்கணும் இல்லையா. அதைப் பார்த்து மத்த பழைய பிரிட்டிஷ் எஞ்சின்காரங்களும் ஆசைப்பட்டாங்க. ஹெரால்டு எஞ்சின் குடும்பத்துக்கும் பிரிட்டனில் கிட் விற்கிறாங்க. வேடிக்கை என்னன்னா, ரெட்டைச் செயினோட பிறந்த எம்ஜிபி காரை 1970-களில் கம்பெனிக்காரனே ஒத்தைக்கு இறக்கினான்.

இப்ப கணக்கு. அந்தக் கால பிரிட்டிஷ் எஞ்சின்களில் பரவலா இருந்தது 3/8 அங்குல, அதாவது 9.525 மி.மீ. பிட்ச் செயின். இந்த அளவுக்கு ஐஎஸ்ஓ தரம் கேட்கிற குறைந்தபட்ச அறுபடும் பலம், ஒத்தைக்கு 8.9 கிலோ நியூட்டன், ரெட்டைக்கு 16.9. ஒத்தையே 900 கிலோ தாங்கும். ஹெரால்டு காரோட எடையே ஏறத்தாழ 800 கிலோதான். வண்டியையே அதுல கட்டித் தொங்கவிடலாம் :-)

ஆக, அறுந்து போறது இங்க பிரச்சினை இல்லை. தேய்மானம்தான் பிரச்சினை. "செயின் நீண்டுடுச்சு"ன்னு சொல்றோமே, இரும்பு நீள்றது இல்லைங்க. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் துளித்துளியா தேயும். எல்லாம் சேர்ந்தா நீளம். உதாரணத்துக்கு, இழுக்கிற பக்கம் 12 கண்ணி, கேம் பல்சக்கரத்தில் 40 பல்லுன்னு வைங்க. 1 சதவீதம் தேய்ஞ்சா கேம் ஒரு டிகிரிக்கு மேல பின்தங்கும். கிராங்க் கணக்கில் 2 டிகிரி. 3 சதவீதம்னா 6 டிகிரிக்கு மேல. டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் ஷாப்டில் இருந்துதான் சுத்துது, அதனால தீப்பொறியும் சேர்ந்தே லேட் ஆகும். விளைவு, குறைஞ்ச வேகத்தில் இழுவை போகும். ஏற்காடு மலையில் ரெண்டாவது கியரில் தவிக்கிறது அதனாலயும் இருக்கலாம்.

ரெட்டைச் செயினோட உண்மையான லாபம் இந்த இடத்தில்தான். பாரத்தை ரெண்டு வரிசை பங்கு போட்டுக்கும், தேய்மானம் மெதுவா நடக்கும். ஆனா சும்மா வராது. ரெண்டு பல்சக்கரமும் மாத்தணும், கவருக்குள்ள இடம் பார்க்கணும், அகலமான செயினுக்குத் தகுந்த டென்ஷனர் வேணும். பார்சல் செலவும் சுங்க வரியும் வேற. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு அது பத்து வருஷம் கழிச்சுத் தெரியப்போற லாபம். லாரி அண்ணன் சொன்ன பல்சக்கரம் டீசலுக்கு சரி. இங்க சத்தம்தான் மிஞ்சும்.

முடிவா பெரியப்பா கட்சிதான் ஜெயிச்சது. ஆனா அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. ஒத்தைச் செயின், கூடவே புது பல்சக்கரம் ரெண்டும், புது டென்ஷனர் பட்டையும். பழைய பட்டையில் செயின் உரசி ரெண்டு ஆழமான தடம் போட்டிருந்தது. தேய்ஞ்ச பல்லில் புதுச் செயின் போட்டா அதுவும் சீக்கிரம் தேயும். அப்புறம் ரெண்டு பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிக்குதான்னு நேர்ச்சட்டம் வச்சுப் பார்த்து, தேவைன்னா கிராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னாடி ஷிம் போடணும். இந்தக் கடைசி வேலையை மெக்கானிக் அண்ணன் அரை மணி நேரம் உட்கார்ந்து செஞ்சார். எந்தக் கிட்டும் இதுக்கு ஈடு இல்லை.

பழைய வண்டி வச்சிருக்கிற நண்பர்களுக்கு நான் சொல்ல வர்றது இதுதான். எதை மாத்தலாம்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அதை ஏன் அப்படி வச்சாங்கன்னு கேளுங்க. ரேஸ் ஓட்டுறீங்களா, ரெட்டை போடுங்க. பெரியப்பாவை ஏற்காடு கூட்டிட்டுப் போறதுக்கு, ஒழுங்கா மாட்டின ஒத்தை தாராளம்.