காசி மாநகரின் மனைவரியும் அதன் மதிப்பீட்டு முறையும்

நிலத்தின்மீது இறை விதித்தல் விளைவை அடிப்படையாகக் கொண்டது. விளைவை அளந்தறிதல் கூடும். குடியிருக்கும் மனையோ யாதும் விளைப்பதில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்த பின்னரே ஊரின் இறை கட்டும் நிலத்தைக் கணக்கிடுகின்றன. எனினும், மனையிறை என்னும் வரிப்பெயரும் கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றது. ஆகவே மனைக்கு வரி என்பது புதிதன்று. அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே வினா. அவ்வினா வடநாட்டில் ஒரு நகரையே அசைத்த வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1810-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார், வங்காளம், பீகார், ஒரிசா, காசி ஆகிய பகுதிகளின் நகரங்களில் வீட்டுவரி விதிக்கும் 15-ஆம் ஒழுங்குவிதியை இயற்றினர். குடியிருப்பு வீடுகளுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 5-உம், கடைகளுக்கு 10-உம் வீதமாக அமைந்தன. ஆண்டிற்கு 60 ரூபாய் வாடகை பெறும் வீட்டிற்கு வரி 3 ரூபாய், இக்கணக்கு எளிது. உடையவரே வாழும் வீட்டிற்கு யாது செய்வது? அண்டையில் அதனையொத்த வீடுகளுக்குக் கொடுக்கப்படும் வாடகையை நோக்கி மதிப்பிடுக என்றது விதி. பெறாத வாடகையைப் பெற்றதாகக் கொள்ளும் இக்கருத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

மதிப்பீடு தொடங்கவே, 1810 திசம்பரில் காசி மக்கள் கடைகளை அடைத்தனர், தொழில்களை நிறுத்தினர், பெருந்திரளாகக் கூடி அமர்ந்தனர். இரும்புக் கொல்லர் முன்னின்று பிறவூர்க் கொல்லரையும் அழைத்தனர். மக்கள் விடுத்த விண்ணப்பம் வெறும் முறையீடன்று. காரணங்களை அடுக்கிய வழக்குரை எனலாம். முன்னையரசர் குடிகளின் வழிவழி வந்த மனைகளின்மீது உரிமை கொண்டாடியதில்லை என்றனர். காவற்செலவிற்கு முத்திரைக் கட்டணம் முதலிய வரிகள் முன்னரே உள்ளன என்றனர். வீட்டைப் பழுதுபார்க்கவும் இயலாதார் பலர் என்றனர். 1811-இல் அரசு எளியோர் வீடுகளுக்கும் சமயத் துறவியர் இல்லங்களுக்கும் விலக்களித்தது; 1812-இல் வரியையே கைவிட்டது.

வரி நீங்கினும் அக்கருத்து நீங்கவில்லை. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டமும், நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகையையே ஆண்டு மதிப்பாகக் கொண்டது. ஆயின், கட்டடத்திற்குரிய வாடகைப் பகுதியில் நூற்றுக்கு 10 கழிக்குமாறும் அது விதித்தது. 60 ரூபாய் வாடகையில் 40 ரூபாய் கட்டடத்திற்குரியதாயின், 4 ரூபாய் கழிந்து ஆண்டு மதிப்பு 56 ரூபாயாகும். பழுதுபார்க்க இயலாமையைக் காசி மக்கள் எடுத்துரைத்ததனோடு இக்கழிவு ஒப்புநோக்கத்தக்கது. பின்னர்க் குண்டூர் நகராட்சி வழக்கில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அமையும் நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பு உயர்தல் கூடாதென உச்சநீதிமன்றம் 1970-இல் தீர்ப்பளித்தது.

இவற்றால் நாம் அறியக் கிடப்பது ஒன்றுண்டு. மனைவரியின் வன்மையும் மென்மையும் வீதத்தில் மட்டும் இல்லை. கருதப்படும் வாடகையிலும் உள்ளன. அக்கருத்தளவைக்கு வரம்பு வகுத்ததே பிற்காலச் சட்டத்தின் வளர்ச்சியாகும். வீடுடையார் தாமே கணக்கிட்டுச் சரிபார்க்கத்தக்க அளவுகோல் அமையுமிடத்து வரி கடமையாகும், அஃதில்லாவழிச் சுமையாகும்.