எச்.ஐ.வி. முன்தடுப்பு மருந்தும் சமூகக் களங்கமும்

பிரெப் எனப்படும் முன்தடுப்பு மருந்து, எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர்கள் அது வராமலிருக்க எடுத்துக்கொள்வது. டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபைன் ஆகிய இரண்டும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-இல் ஒப்புதல் அளித்தது. தொற்று அபாயம் மிகுந்த அனைவருக்கும் இதை வழங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. தவறாமல் உட்கொண்டால் பாலுறவு வழியாகத் தொற்றும் அபாயம் ஏறக்குறைய 99% குறைகிறது. இவ்வளவு பயனுள்ள மருந்தைப் பலர் நாடத் தயங்குவதற்கும் பாதியில் நிறுத்துவதற்கும் சமூகக் களங்கம் ஒரு முக்கியக் காரணம்.

களங்கத்தின் வடிவங்கள்

எச்.ஐ.வி. சிகிச்சையிலும் இதே மருந்துகள் பயன்படுகின்றன. எனவே மாத்திரைப் புட்டியைக் காண்பவர்கள், வைத்திருப்பவருக்கே நோய் என்று முடிவு கட்டுகிறார்கள். அடுத்தது ஒழுக்கத்தின் மீதான சந்தேகம். அமெரிக்காவில் தொடக்க ஆண்டுகளில் இதை உட்கொண்ட தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள், மருந்தின் வணிகப் பெயரோடு சேர்த்த வசைச்சொல்லால் இழிவுபடுத்தப்பட்டனர். மருந்து கேட்டு வரும் இளம்பெண்களைச் சுகாதார ஊழியர்களே கடிந்துகொள்வதும் உண்டு.

ஆப்பிரிக்க அனுபவம்

தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் நடந்த 'வாய்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2013-இல் வெளியாயின. அதில் சோதிக்கப்பட்ட மாத்திரைகளோ ஜெல்லோ பாதுகாப்பு தரவில்லை. மாத்திரை பெற்றவர்களின் இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து காணப்பட்டது. பெரும்பாலோர் அதை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. பின்னர் நடந்த நேர்காணல்களில், நோயாளி என்று பிறர் நினைப்பார்களோ என்ற அச்சத்தையும் துணைவரின் எதிர்ப்பையும் பெண்கள் காரணங்களாகக் கூறினர். தென்னாப்பிரிக்க அரசின் திட்டம் 2016-இல் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து தொடங்கியது. மிகுந்த தேவையுள்ளவர்களுக்கு முதலில் கொடுத்தது நியாயமே. எனினும் இது அவர்களுக்கு மட்டுமான மருந்து என்ற எண்ணத்துக்கும் அது இடமளித்தது.

மாற்று வழிகள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெகிராவிர் ஊசிக்கு 2021-இலும், ஆண்டுக்கு இருமுறை போடும் லெனகாபாவிர் ஊசிக்கு 2025-இலும் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் லெனகாபாவிர் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. ஊசிக்கு வீட்டில் ஒளித்துவைக்க வேண்டிய புட்டி இல்லை. ஆனால் அதைப் பெறவும் மருத்துவமனைக்குப் போய் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். ஆகவே குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையோடு சேர்த்து வழங்குவதும், கேட்பவரை எடைபோடாமல் நடத்த ஊழியர்களைப் பயிற்றுவிப்பதும் மருந்தின் அளவுக்கே இன்றியமையாதவை.